களிமண்ணுக்கு கரண்ட் கொடுத்தால் எண்ணெய் வெளியே வருமா? வடசென்னை கேட்க வேண்டிய கேள்விகள்

வடசென்னையில் எண்ணெய் கொட்டும்போதெல்லாம் டிவியில் வரும் காட்சி ஒன்றுதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய கறுப்புக் குழம்பை தன்னார்வலர்கள் பக்கெட் பக்கெட்டாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து கிளம்பிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. ஏழு வருஷம் கழித்தும் மீனவர்கள் கையில் இருந்தது அதே மக், அதே டிரம்.

தண்ணீர் மேல் மிதந்ததை எப்படியோ அள்ளிவிட்டார்கள். எத்தனை டன் அள்ளினோம் என்று அறிக்கையும் வந்தது. சரி, மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய் என்ன ஆச்சு?

இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் தேடும் பதில்களில் ஒன்று, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்துவது. கேட்க சினிமா மாதிரி இருக்கலாம். ஆனால் அடிப்படை இருநூறு வருஷப் பழசு. வடசென்னைக்கு இது உதவுமா? உதவும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அதோடு, மெஷின் வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலையை யாரும் இன்னும் ஒழுங்காகத் தொடங்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

தண்டையார்பேட்டை சொல்லும் பாடம்

எண்ணெய் மண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு வடசென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2013 ஜூலையில் தண்டையார்பேட்டையில் சில வீடுகளின் போர்வெல்லில் தண்ணீரோடு எரிபொருளும் சேர்ந்து வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை கிடங்குக்கு வரும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு இருந்தது பிறகு தெரிய வந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வு செய்து சுத்தம் செய்யும் வேலையில் ஐஐடி மெட்ராஸ் நிபுணர்கள் இறங்கினார்கள்.

கடலில் எண்ணெய் கொட்டினால் கண்ணுக்குத் தெரியும். குழாய்க் கசிவு அப்படி இல்லை. தெருவில் யாரோ ஒருவர் மோட்டார் போட்டு, தண்ணீரை மோந்து பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. கசிவை அடைக்க ஒரு நாள் போதும். அதற்குள் மண்ணில் ஊறியதை எடுக்க வருஷக்கணக்கு ஆகும்.

வழக்கமான வைத்தியம், பம்ப் போட்டு உறிஞ்சுவது. நிலத்தடி நீரின் மேல் மிதக்கும் எண்ணெயையும் அதன் ஆவியையும் கிணறுகள் வழியாக வெளியே இழுப்பார்கள். மணல் பாங்கான இடத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சென்னையின் கரையோர மண், மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கலந்தது. பம்ப் தோற்பது அந்தக் களிமண் அடுக்கில்தான்.

களிமண் ஏன் அடம்பிடிக்கிறது?

மெரினா மணலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அடுத்த நொடி காணாமல் போகும். அதையே காய்ந்து இறுகிய ஏரிப் படுகையில் ஊற்றினால் அப்படியே தேங்கி நிற்கும். ஏரி, குளம் வெட்டியவர்கள் களிமண் தேடிப் போனது இந்தக் குணத்துக்காகத்தான். துகள்கள் மிகச் சிறியவை, நடுவில் இருக்கும் இடைவெளி அதைவிடச் சிறியது. மணலோடு ஒப்பிட்டால் களிமண்ணில் தண்ணீர் நகரும் வேகம் பல ஆயிரம் மடங்கு, சில வகைகளில் லட்சக்கணக்கான மடங்கு குறைவு.

அப்படின்னா எண்ணெயும் உள்ளே போகாதுதானே? வேகமாகப் போகாது. ஆனால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பக்கத்திலேயே இருந்தால் வெடிப்புகள் வழியாகவும், தண்ணீரில் கரைந்தும் மெல்ல மெல்ல ஊறிவிடும். ஊறியது வெளியே வருவதும் அதே வேகத்தில்தான். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் மணல் வழியாகத்தான் ஓடி வருமே தவிர, களிமண்ணைத் தொடாது.

இதனால் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. மணல் அடுக்கு சுத்தமாகி, டெஸ்ட் ரிப்போர்ட்டும் நல்லபடியாக வரும். பம்ப்பை நிறுத்திய சில மாதங்களில், களிமண்ணில் ஒளிந்திருந்த மாசு மறுபடி மணலுக்குள் கசியத் தொடங்கும். ‘சுத்தம் பண்ணியாச்சு’ என்று ஃபைல் மூடிய பிறகும் போர்வெல்லில் வாசனை வரலாம்.

கரண்ட் உள்ளே போய் என்ன பண்ணும்?

மண்ணுக்குள் இரண்டு வரிசையாக மின்முனைகளை நட வேண்டும். ஒரு வரிசை பாசிட்டிவ், இன்னொரு வரிசை நெகட்டிவ். நடுவில் டி.சி. மின்சாரம். பொதுவாக ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஒரு வோல்ட் அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. மின்முனைகள் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 100 வோல்ட்.

களிமண் துகளின் மேற்பரப்பில் நெகட்டிவ் மின்னூட்டம் இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஈரத்தில் பாசிட்டிவ் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் பாய்ந்ததும் அந்த அயனிகள் நெகட்டிவ் முனையை நோக்கி நகரும், போகிற போக்கில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பம்ப் தண்ணீரை அழுத்தத்தால் இழுக்கிறது. இடைவெளி சின்னதாக இருந்தால் அழுத்தம் பலிக்காது. கரண்டுக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை, இடைவெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகரும். பம்ப் தோற்கும் இடத்தில் கரண்ட் ஜெயிப்பது இதனால்தான். இதற்கு மின்சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகப் பெயர் உண்டு. ஈரக் களிமண்ணில் மின்சாரம் தண்ணீரை நகர்த்துவதை ரஷ்யாவில் ஆய்வு செய்த ராய்ஸ் 1809லேயே எழுதிவைத்தார். 1930களில் ஜெர்மனியில் பொறியாளர் லியோ காசாகிராண்டே இதை வைத்து, சரியும் களிமண் நிலத்தைக் கெட்டிப்படுத்தினார்.

ஆனால் எண்ணெய்க்கு மின்னூட்டம் கிடையாது. தண்ணீரோடும் அது சேராது. அதனால் வெறும் கரண்டை நம்பி எண்ணெயை வெளியே கொண்டுவருவது கஷ்டம். இரண்டு விதமான துணை வேண்டும். ஒன்று, பாத்திரம் தேய்க்கும் சோப்பு மாதிரி எண்ணெயைத் துகளிலிருந்து பிரித்துவிடும் பொருள். இரண்டு, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா. களிமண்ணுக்குள் பாக்டீரியாவுக்குத் தேவையான நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தெல்லாம் தானாகப் போய்ச் சேராது. அவற்றை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் வேலையைக் கரண்ட் செய்யும். எண்ணெயை வெளியே இழுப்பதைவிட, உள்ளேயே வைத்துச் சிதைப்பதற்கு உதவுவதுதான் கரண்டின் நிஜமான பலம்.

யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பாதுகா என்ற இடத்தில், எரிசக்தித் துறைக்குச் சொந்தமான வளாகத்தில் களிமண்ணில் ஊறிக் கிடந்த டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை இந்த முறையில் எடுத்தார்கள். மண்ணுக்குள் மின்முனைகளும் மாசைச் சிதைக்கும் அடுக்குகளும் மாறி மாறி இருந்ததால், திட்டத்துக்கு வைத்த பெயரே ‘லசானியா’, அடுக்கடுக்காகச் செய்யும் இத்தாலிய உணவின் பெயர். அது கச்சா எண்ணெய் இல்லை, தண்ணீரில் ஓரளவு கரையும் ரசாயனம். அதனால் அங்கே ஜெயித்தது எண்ணூரிலும் அப்படியே ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

எண்ணெய்க்கு நெருக்கமான ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு, பாக்டீரியா சுரக்கும் சோப்பு போன்ற பொருளையும் மின்சாரத்தையும் சேர்த்து, கச்சா எண்ணெய் கலந்த மண்ணைச் சுத்தம் செய்யும் சோதனையை 2021இல் ஆய்விதழில் வெளியிட்டது. கரண்ட் மட்டும் கொடுத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது பலன் அதிகம். மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் மத்திய ஆய்வு நிறுவனமான ‘சிக்ரி’ இருக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்ற சாக்கு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. ஆனால் ஆய்வகத் தொட்டியில் ஜெயிப்பது வேறு, தெருவுக்கு அடியில் ஜெயிப்பது வேறு.

எண்ணூரில் எங்கே சிக்கும்?

முதல் சிக்கல், உப்பு. முகத்துவாரச் சேற்றில் கடல் நீர் ஏறி இறங்குகிறது. உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகவே கடத்தும், அதுதான் பிரச்சினை. மண்ணைச் சுத்தம் செய்யாமலேயே மின்சாரம் ஓடிப்போகும், பில் எகிறும், தண்ணீரை இழுக்கும் சக்தியோ குறையும். போதாததற்கு பாசிட்டிவ் முனையில் குளோரின் வாயு உருவாகும். நெகட்டிவ் முனைப் பக்கம் மண் காரமாகும், பாசிட்டிவ் பக்கம் அமிலமாகும். இதையெல்லாம் அலையாத்திச் செடிகளும் நண்டும் இறாலும் இருக்கும் சேற்றில் செய்ய முடியாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களின் வேலையிடம் அது. அங்கே மின்முனை நடும் பேச்சே எழக்கூடாது.

இரண்டாவது சிக்கல், இரும்பு. ராயபுரம் முதல் மணலி வரை தரைக்கு அடியில் எண்ணெய்க் குழாய், குடிநீர்க் குழாய், கேபிள் என்று ஒரு தனி ஊரே இருக்கிறது. மண்ணுக்குள் விடும் டி.சி. மின்சாரம், பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால் அதில் ஏறிக்கொள்ளும். எந்த இடத்தில் குழாயை விட்டு மறுபடி மண்ணுக்குள் இறங்குகிறதோ அங்கே இரும்பு அரிக்கும். ஒரு கசிவைச் சுத்தம் செய்யப் போய், அடுத்த கசிவுக்கு நாமே ஓட்டை போட்ட கதையாகிவிடும்.

மூன்றாவது, தீ. நெகட்டிவ் முனையில் ஹைட்ரஜன் வாயு வரும். பெட்ரோல் ஆவி தேங்கிய மண்ணில், வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் தெருவில், இது விளையாட்டுக் காரியம் இல்லை.

நான்காவது, காசும் காலமும். ஒரு நாளைக்கு தண்ணீர் சில சென்டிமீட்டர்தான் நகரும், பல நேரம் அதற்கும் குறைவு. நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு மீட்டர் கடக்க 100 நாள். ஒரு தடவை கடந்தால் போதாது, மண் கழுவப்பட வேண்டுமானால் பல தடவை கடக்க வேண்டும். மின்சாரச் செலவு மண்ணைப் பொறுத்து ஒரு கனமீட்டருக்குச் சில பத்து யூனிட்டிலிருந்து சில நூறு யூனிட் வரை போகும். சென்னைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. மூன்று மீட்டர் ஆழம். கனமீட்டருக்கு 100 யூனிட் என்றாலும் கிட்டத்தட்ட 67,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டும் வீடுகளாக எடுத்தால், 134 வீடுகளின் ஒரு தடவை பில். ஒரு கிரவுண்டுக்கு இது பெரிய தொழிற்சாலைகளால் தாங்க முடியாத செலவு இல்லை. ஆனால் ‘மொத்த எண்ணூரையும் கரண்ட் போட்டுச் சுத்தம் பண்ணிடலாம்’ என்று யாராவது பிரசன்டேஷன் காட்டினால், இந்தக் கணக்கை அவர்களிடம் கேட்கலாம்.

அப்போ எங்கே செய்யலாம்?

ஆலை வளாகங்களுக்குள் செய்யலாம். மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969லிருந்து ஓடுகிறது. அரை நூற்றாண்டு கடந்த எந்தப் பெட்ரோலிய வளாகத்திலும் டேங்க் அடிவாரம், பழைய கழிவுக் குழி, குழாய் இணைப்புகள் ஆகியவை முதலில் பரிசோதிக்க வேண்டிய இடங்கள். அங்கே வேலி உண்டு, தீயணைப்பு ஏற்பாடு உண்டு, வீடுகள் இல்லை. கடல் நீர் தினமும் ஏறி இறங்குவதும் இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. எண்ணெய் ஊறிய களிமண்ணைத் தோண்டி எடுத்து, அடிப்பகுதி கசியாத தொட்டியில் போட்டு அதற்குள் கரண்ட் கொடுப்பது. செலவு கூடும், ஆனால் குழாய் அரிக்கும் பயமும் பக்கத்து வீட்டுக்கு வாயு போகும் பயமும் குறைவு. முகத்துவாரச் சேற்றைப் பொறுத்தவரை, மெதுவாக இருந்தாலும் பாக்டீரியா வழி, கையால் அகற்றுவது, தொடர் கண்காணிப்பு ஆகியவைதான் இன்றைக்கு நியாயமான தேர்வு.

ஆக, ஒரு சிறிய சோதனை வேண்டும். ஒரு ஆலை வளாகம், சில நூறு சதுர அடி, ஓராண்டு. கரண்ட் கொடுத்த பகுதி, கொடுக்காத பகுதி, பாக்டீரியா மட்டும் போட்ட பகுதி என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். செலவு நிறுவனத்தினுடையது, அளக்கும் வேலை நிறுவனத்தைச் சேராதவர்களுடையது. முடிவு, தோற்றாலும் ஜெயித்தாலும், தமிழில் வெளியாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாசடைந்த நிலங்களுக்கென்று இந்தியாவில் தனி விதிகள் வந்ததே 2025 ஜூலையில்தான். நாடு முழுவதும் 103 மாசடைந்த இடங்கள் அடையாளம் காணப்பட்டு, வெறும் 7 இடங்களில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது என்பது அப்போது வெளியான கணக்கு. புதிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மாசு உறுதியானால், காரணமானவர் யார் என்று கண்டுபிடித்து, சுத்தம் செய்யும் செலவை அவரிடமே வாங்க வேண்டும்.

நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டு ஓட்டைகள். கடலில் எண்ணெய் கலந்து ஏற்படும் மாசு இந்த விதிகளுக்குள் வராது. 2017 கப்பல் விபத்து மாதிரி ஒன்று மறுபடி நடந்தால் வேறு சட்டத்தைத் தேட வேண்டும். இரண்டாவது, இடத்தை அடையாளம் காண கெடு இருக்கிறது, அதைச் சுத்தம் செய்து முடிக்க கெடு இல்லை. மெதுவாக நகரும் களிமண்ணுக்கும் மெதுவாக நகரும் ஃபைலுக்கும் இது ரொம்பவே வசதி.

மெஷினுக்கு முன்னால் மேப்

தொடக்கத்தில் சொன்ன அந்த வேலைக்கு வருவோம். வடசென்னை மண்ணில் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று ஒரு பொது வரைபடம் வேண்டும். எது மணல், எது களிமண், எதற்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். இது தெரியாமல் பம்ப்பா, பாக்டீரியாவா, கரண்டா என்று வாதம் செய்வது, ஸ்கேன் எடுக்காமல் ஆபரேஷன் தியேட்டர் புக் செய்வது போல.

அந்த வரைபடத்தோடு ஒரு எண்ணும் வேண்டும். ஒரு கிலோ மண்ணில் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருந்தால் ‘சுத்தம்’ என்று ஏற்பது? குழந்தைகள் விளையாடும் தெருவுக்கு ஒரு அளவு, ஆலை வளாகத்துக்கு வேறு அளவு இருக்கலாம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே அது அறிவிக்கப்பட வேண்டும். வேலை முடிந்தபின் கிடைத்த எண்ணையே இலக்கு என்று சொல்ல விடக்கூடாது. பம்ப்பை நிறுத்தி, அல்லது கரண்டை அணைத்து, ஒரு வருஷம் கழித்து மறுபடி அளந்தும் அந்த எண் மாறாமல் இருந்தால்தான் ஃபைலை மூட வேண்டும். களிமண் திருப்பிக் கசியும் என்பது தெரிந்த பிறகு இதைவிடக் குறைந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

2023 கசிவுக்குப் பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் ரூ.12,500. படகுக்கு ரூ.10,000. அந்தப் பணம் சில வாரங்களின் வருமான இழப்புக்கு. சேற்றிலும் களிமண்ணிலும் மிச்சமிருப்பதற்கு இதுவரை யாரும் விலை போடவில்லை, ஏனென்றால் அதை யாரும் முழுசாக அளக்கவில்லை.

புதிய விதிகளின் கீழ் சென்னை, திருவள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் தரும் பட்டியலில் தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் என்ற பெயர்கள் இருக்கின்றனவா? இந்த ஒரு கேள்வியை வார்டு கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு எழுதியும் கேட்கலாம். கரண்ட் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்யட்டும். எந்த மண்ணை, எந்த அளவுக்கு, எந்தத் தேதிக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் அந்த மண்ணின் மேல் வீடு கட்டியிருப்பவர்களுக்கும் வலை வீசுபவர்களுக்கும் பேச்சு இருக்க வேண்டும்.